சர்க்கார் கூண்டும் சாமி கிடாவும்

சிறுத்தை முதலில் தின்றது வேட்டை நாய்களைத்தான். அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. அந்த நாய்களின் அப்பனும் பாட்டனும் மலைக்கு ஏறிப்போய் அதன் சாப்பாட்டைத் துரத்திப் பிடித்தவை. இப்போது அது கீழே இறங்கி வந்திருந்தது, அவ்வளவுதான். நாய்கள் குறைந்ததில் ஊரில் ஒரே ஒருவருக்கு மகிழ்ச்சி. அவர் சைக்கிளில் வரும் தபால்காரர்.

சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே, கொல்லிமலை அடிவாரத்தில் இருந்த சின்ன ஊர் அது. எழுபதுகள் முடியப்போகிற சமயத்தில் ஏழெட்டு மாதம் அங்கே கிடந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போன பிறகு எந்த ஊரிலும் நான் முழுசாக ஒரு வருஷம் இருந்ததில்லை. லாரியில் கிளீனராக இருந்தேன். நாமக்கல்லில் டீ வாங்கிவர என்னை இறக்கிவிட்ட டிரைவர், டீ வருவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் கிழங்குத் தோல் சீவினேன். விரலிடுக்கெல்லாம் வெந்து புண்ணானதும் அங்கிருந்து கிளம்பி, குச்சிக்கிழங்கு என்று அங்கே சொல்லும் மரவள்ளியைப் பிடுங்கும் கூட்டத்தோடு இந்த ஊருக்கு வந்தேன். கிழங்கு பிடுங்கி முடிந்த அன்று எனக்குக் காய்ச்சல். கூட்டம் போய்விட்டது. காய்ச்சல்காரனை யார் தூக்கிக்கொண்டு போவார்கள்?

ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் தனியாகக் குடியிருந்த ஓர் அம்மாள் எனக்குக் கம்பங்கஞ்சி ஊற்றினாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் அக்கா என்றேன். அவள் சாமி என்றாள். அந்தப் பக்கத்தில் கைக்குழந்தையும் சாமிதான், கிழவனும் சாமிதான், ஆகவே நான் பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. காய்ச்சல் விட்டதும் கஞ்சிக்குப் பதிலாக அவளுடைய ஆடுகளுக்குத் தழை ஒடித்துப் போட ஆரம்பித்தேன். கஞ்சியும் நிற்கவில்லை, தழையும் நிற்கவில்லை.

அவள் புருஷன் காப்பித் தோட்டத்து வேலைக்கென்று மைசூர்ப் பக்கம் போய் நாலு வருஷமாகியும் திரும்பவில்லை. அவன் போன மாதமே ஒரு குட்டியைக் கருப்பனாருக்கு நேர்ந்து விட்டிருந்தாள். அவன் திரும்பி வரவேண்டும் என்று நேர்ந்தாளா, வரக்கூடாது என்று நேர்ந்தாளா என்பதில் ஊருக்குள் இரண்டு கட்சி இருந்தது. அந்தக் குட்டி இப்போது கன்றுக்குட்டி உயரத்துக்குக் கிடாவாகி நின்றது. சாமி கிடா என்பதால் யார் காட்டு விளைச்சலை மேய்ந்தாலும் யாரும் அடிக்கமாட்டார்கள். கையெடுத்துக் கும்பிட்டு, மனசுக்குள் திட்டிவிட்டுப் போவார்கள்.

அது போக அவளிடம் ஆறு பெட்டை ஆடுகள் இருந்தன. அந்த ஆறுதான் அவள் குடித்தனம். அவை இருந்தவரை அவள் யார் காட்டுக்கும் களை வெட்டப் போக வேண்டியதில்லை. அவளுடைய ஓடைக்கரைக்கு மேலே இருந்த காடெல்லாம் ஊர்ப் பண்ணையக்காரருடையது. அவருக்கு ஆள் பற்றாக்குறை. அவள் தன் காட்டுக்கு வரவேண்டும் என்று அவர் பலமுறை கூப்பிட்டு விட்டார். அவளும் பலமுறை, "ஆடு மேய்க்கற சோலி இருக்குதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

சிறுத்தை பதினைந்து நாளில் இரண்டு ஆடுகளைத் தூக்கியது. இரண்டும் பட்டப்பகலில், கரட்டு மேய்ச்சலில். இரண்டாவதன் கழுத்துக் கயிறு மட்டும் கிடைத்தது. அதைக் கையில் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"மிச்சம் நாலு. அதுல ரெண்டு சினை. இதும் போச்சுன்னா நானு பண்ணையக்காரரு காட்டுலதான் குனியோணும், சாமி."

"அவர்கிட்டத்தான் துப்பாக்கி இருக்குதே அக்கா. சொல்லிப் பாக்கலாமே?"

"சொல்லலாம். அவரு துப்பாக்கிக்குக் காது கேக்கோணுமே."

பண்ணையக்காரரின் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லவேண்டும். லைசென்ஸ் உள்ள துப்பாக்கி. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டும், முடிந்ததும் வாங்கி வரவேண்டும். அந்தப் போக்குவரத்தைத் தவிர அது வேறு வெளியூர் பார்த்ததில்லை. முன்பெல்லாம் அறுவடை முடிந்ததும் ஊரே வலையும் ஈட்டியுமாக மலையேறுமாம். அப்போது அவர் துப்பாக்கியோடு முன்னால் நடப்பாராம். பிறகு சட்டம் வந்தது. முயலிலிருந்து புலிவரை எதைத் தொட்டாலும் ஜெயில் என்று தண்டோரா போட்டார்கள். வேட்டை நின்றது. வேட்டைக்காரர்கள்தான் கூடிப்போனார்கள். சட்டத்துக்கு முன்னால் ஊரில் உண்மையாக மலையேறியவர்கள் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். சட்டம் வந்த பின், "தடுக்காம இருந்திருந்தா நானு..." என்று ஆரம்பிக்கிற எல்லோருமே வேட்டைக்காரர்கள். டீக்கடை பெஞ்சில் தினமும் காலையில் இரண்டு புலி சாகும்.

பண்ணையக்காரர் வீட்டுச் சாய்வு நாற்காலியில் ஒரு சிறுத்தைத் தோல் விரித்திருக்கும். மூன்றே அடி தூரத்தில் நேருக்கு நேர் நின்று சுட்டதாக அவர் சொல்லுவார். "கொல்லிமலையான் ஒருத்தன் கண்ணி வெச்சுப் புடிச்சது. இவரு ஒரு மூட்டை நெல்லுக்கு வாங்கியாந்தாரு. குண்டு பட்ட ஓட்டைய எங்கயாச்சும் காட்டச் சொல்லு" என்றாள் அக்கா. இது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவர் அந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் வாயைப் பிளந்து கேட்பார்கள். அவர் காட்டில் அடுத்த நாள் வேலை வேண்டுமல்லவா?

கடைசியில் வனத்துறைக்கு மனு எழுதுவது என்று முடிவாயிற்று. எழுதத் தெரிந்தவர்கள் ஊரில் நாலைந்து பேர் இருந்தார்கள். எழுதினவனைத்தான் ஆபீசில் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே என்னை எழுதச் சொன்னார்கள். என் ஆறாம் வகுப்புப் படிப்புக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன்னாலும் கிடைத்ததில்லை, பின்னாலும் இல்லை.

வனத்துறையிலிருந்து ஃபாரஸ்ட் கார்டு வந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். நாலைந்து மலைக்கிராமங்களுக்கும் அடிவாரத்துக்கும் அவர் ஒருவர்தான். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் பண்ணையக்காரர் வீட்டுச் சாய்வு நாற்காலி மொட்டையானது. தோல் நெல் குதிருக்குள் போய்விட்டது. கார்டுக்கு மோர், இளநீர், மதியத்துக்குக் கோழிக்குழம்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்ததால் அவர் குதிர் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. சாப்பிட்டுவிட்டு ஓடை மணலில் கால்தடத்தைக் குச்சியால் அளந்தார்.

"சிறுத்ததான். கூண்டு கொண்டாறேன். உள்ள கட்டறதுக்கு உயிரோட ஒரு ஆடு வேணும். அத ஊர்ல குடுத்துடணும். ஆபீஸ்ல கூண்டு மட்டும்தான் இருக்குது."

அடுத்த வாரம் லாரியில் கூண்டு வந்து இறங்கியது. இரும்புக் கம்பிக் கூண்டு, மாட்டு வண்டியைவிட நீளம். நடுவில் கம்பித் தடுப்பு. பின் அறையில் ஆடு, அதற்குத் தனியாகச் சின்னக் கதவு. முன் அறை சிறுத்தைக்கு. அது உள்ளே வந்து தரைப்பலகையை மிதித்தால் மேலே தூக்கிக் கட்டியிருக்கும் முன் கதவு படாரென்று விழும். வெளியிலிருந்துதான் அதைத் தூக்க முடியும்.

அன்று சாயங்காலம் கருப்பனார் கோயில் முன்னால் ஊர் கூடியது. யார் ஆடு தருவது? ஊரில் நூறு ஆட்டுக்குக் குறையாது. கூட்டத்தில் கேட்டபோது ஒன்றுகூட இல்லை. ஒருவருடையது பால் கொடுக்கிறது. ஒருவருடையது மச்சான் வீட்டுச் சீருக்குப் பேசியது. இன்னொருவருடையதற்குக் கால் நொண்டி. "புலிக்கு நொண்டி ஆட்டக் குடுத்தா மரியாதைங்களா?" என்று கேட்டார்; அங்கே சிறுத்தையும் புலிதான். அவர் குரலில் கிண்டல் இல்லை, நிஜமாகவே கவலைப்பட்டார்.

"ஓடைக்கரைக்காரி பட்டியில ஆடு இருக்குதே" என்றார் ஒருவர்.

அக்கா எழுந்து நின்றாள். "ரெண்டு குடுத்தாச்சுங்க. அதுக்கு யாரும் கூட்டம் போட்டுக் கேக்கல. அதுவா வந்து எடுத்துக்கிட்டுப் போச்சு."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பண்ணையக்காரர் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எதுக்கு ஆளாளுக்குப் பேசறீங்க? சாமி கிடா இருக்குதல்ல? அது யாரு சொத்து? சாமி சொத்து. சாமி சொத்து ஊருச் சொத்து."

"அது என்ற வேண்டுதலுங்க."

"வேண்டுதல் உன்றதுதான் தாயி. கிடா சாமியிதுதான்."

"ஆட்டுக்கு ஒண்ணும் ஆவாதுப்பா. நடுவுல கம்பி இருக்குது" என்றார் கார்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில்.

அந்த ஒரு பேச்சுதான் எல்லாவற்றையும் குழப்பியது. கோயில் பூசாரி பிடித்துக்கொண்டார். "ஆவாதுன்னா எதுக்குங்க ஆடு? ஆவும்னா அது பலி. பலின்னா கிடா துளுக்கோணுமல்லங்க?"

அந்தப் பக்கத்து வழக்கம் அது. கிடா வெட்டும் முன் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது தலையிலிருந்து வால்வரை உடம்பைச் சிலிர்த்து உதறினால், துளுக்கிவிட்டது, சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். துளுக்கும்வரை கத்தி இறங்காது. மணிக்கணக்கில் ஊரே கைகட்டிக்கொண்டு ஆட்டின் சம்மதத்துக்காக நிற்கும். மனிதர்களிடம் அப்படி யாரும் எதற்கும் சம்மதம் கேட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை தண்ணீர் தெளித்தார்கள். கிடா நின்றது. பூசாரி பாட்டுப் பாடினார். கிடா புழுக்கை போட்டது. மத்தியானம் மறுபடி தெளித்தார்கள். தாடியிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்ட, பூசாரியின் வேட்டி நுனியை மென்றுகொண்டே நின்றது. சர்க்கார் கூண்டு வெயிலில் காய்ந்தது. கார்டு வேப்பமர நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

இரண்டாம் நாளும் துளுக்கவில்லை. அன்றைக்கு மேலத்தெருவில் ஒரு நாய் போயிற்று.

"ஏனுங்க பூசாரி, சாமிக்குக் கூண்டு சம்மதமில்லீங்களாட்ட இருக்குது" என்றார் ஒருவர்.

"சாமிக்குச் சம்மதந்தான். கார்டு செருப்போட நிக்கறாப்ல."

கார்டு செருப்பைக் கழற்றினார். கிடா அசையவில்லை. பெல்ட்டையும் கழற்றச் சொன்னார்கள், அது தோல் என்பதால். கார்டு ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிடா அவரைப் பார்த்தது. அப்போதும் துளுக்கவில்லை.

மூன்றாம் நாள் பண்ணையக்காரர் பொறுமை இழந்தார். யாரும் பார்க்காத மாதிரி எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சொம்பிலிருந்த தண்ணீரைக் கிடாவின் காதுக்குள் ஊற்றினார். எந்த ஆடாக இருந்தாலும் தலையை உதறத்தானே செய்யும்? உதறியது. "துளுக்கிருச்சு!" என்று கூட்டம் கத்தியது. தப்பட்டை முழங்கியது.

"தலையத்தான ஒதறுச்சு. ஒடம்பு துளுக்கலீங்களே. இது செல்லாதுங்க" என்றாள் அக்கா. தப்பட்டைச் சத்தத்தில் அவள் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

கூண்டை ஓடைக்கரையில், அவள் பட்டிக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் வைத்தார்கள். கிடாவைப் பின் அறையில் விட்டார்கள். இரவில் எவனாவது கிடாவைத் திருடிவிடுவான் என்று கார்டு பின் கதவுக்குப் பூட்டுப் போட்டார். அவருக்கு ஊரைப் பற்றித் தெரிந்திருந்தது. பூட்டிவிட்டு, சாவியோடு நாமக்கல் பஸ் ஏறிவிட்டார். கிடாவுக்குத் தழையும் தண்ணீரும் வைக்கும் பொறுப்பை ஊரில் வேலைவெட்டி இல்லாத ஒரே ஆளான என்னிடம் விட்டார்கள். பின் கதவு பூட்டியிருந்ததால் நான் தினமும் முன் கதவுக்கு ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, சிறுத்தைக்கு வைத்த வழியில் தவழ்ந்து போய்த் தடுப்புக் கம்பி வழியாகத் தழையை நீட்டினேன்.

நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் விடிந்து வெளிச்சம் வந்த நேரம், கட்டையைச் சரியாக முட்டுக்கொடுத்தேன் என்றுதான் நினைத்தேன். பலகை மேல் முழங்காலை வைத்ததும் கதவு விழுந்தது.

கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பசித்தால் தழை இருந்தது. அக்கா தண்ணீருக்கு வரும்போது திறந்துவிடுவாள் என்று காத்திருந்தபோது, ஓடைக்கு அந்தப்புறம் காரைப் புதரிலிருந்து அது வெளியே வந்தது.

டீக்கடை பெஞ்சில் கேட்ட புலிகளெல்லாம் ஆறடி, ஏழடி. இது அப்படி இல்லை. விலா எலும்பு தெரிந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. மேல்வாய்க் கோரைப்பல் ஒன்று பாதிதான். பூனைபோலச் சத்தமில்லாமல் வந்து, கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி என் முன்னால் நின்றது. அதன் நாற்றம் கூண்டுக்குள் நிறைந்தது. கம்பிக்குள் கையை விட்டது. நான் தடுப்போடு ஒட்டிக்கொண்டேன். நகம் என் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் பலகையில் கீறியது. மறுபக்கம் போய் அங்கிருந்தும் முயன்று பார்த்தது. எடுத்த கையை நக்கிக்கொண்டது. பிறகு உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. எதைத் தின்பது என்று யோசித்ததா, இவன் எதற்கு உள்ளே இருக்கிறான் என்று யோசித்ததா, தெரியாது.

அந்தச் சமயம் பார்த்து, என் முதுகுக்குப் பின்னால், கிடா தலையிலிருந்து வால்வரை அருமையாகத் துளுக்கியது.

சிறுத்தை எழுந்தது. அக்காவின் பட்டியிருந்த பக்கம் தலையைத் திருப்பியது. ஆடு ஒன்று கத்தியது அதற்கும் கேட்டிருக்கும். மெதுவாக அந்தப்பக்கம் நடந்தது. அதுவரை வராத குரல் எனக்கு அப்போதுதான் வந்தது. "அக்கா! பட்டிக்கு வருது! பட்டிக்கு வருது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

ஊருக்குக் கேட்டது. ஆனால் கூண்டுப் பக்கமிருந்து சத்தம் வந்தால் ஊர் என்ன நினைக்கும்? புலி மாட்டிக்கொண்டது என்றுதான். தப்பட்டையும் கற்பூரமுமாகக் கூட்டம் ஓடிவந்தது. அந்த இரைச்சலில் சிறுத்தை திரும்பிக் கிழங்குக் காட்டுக்குள் நுழைந்து மறைந்தது. அக்கா கையில் அரிவாளோடு பட்டி வாசலில் நின்றாள். நாலு ஆடும் பிழைத்தது அந்தத் தப்பட்டையால்தான். அதை நான் மறுக்கமாட்டேன்.

கூட்டத்துக்கு முன்னால் பண்ணையக்காரர், துப்பாக்கியை நேராக என் நெஞ்சுக்கு நீட்டியபடி வந்தார்.

"சுட்டுப்போடாதீங்க, நான்தானுங்க!"

"ஏண்டா, நீ எதுக்குடா உள்ள போன?"

"தழை வெக்கறதுக்குங்க."

"புலி எங்கடா?"

"இத்தன நேரம் இங்கதானுங்க இருந்துச்சு. தப்பட்டை அடிச்சுக்கிட்டு வந்தீங்க, போயிருச்சு."

"ரெண்டு நாளைக்கு உள்ளயே கெடக்கட்டுமுங்க, நல்ல இரை" என்றது ஒரு குரல். "இவன்கிட்ட என்னடா இருக்குது, எலும்புதான். புலி மோந்து பாத்துட்டுப் போயிருக்குது" என்றது இன்னொன்று. பூசாரி மட்டும் கதவைத் தூக்க வந்தார். அந்தத் துப்பாக்கிக் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்ததைப் பண்ணையக்காரரின் ஆள் ஒருவன் பிறகு சொன்னான். வெடித்திருந்தால் என்னை ஒன்றும் செய்திருக்காது.

அக்கா சிரித்து முடித்துவிட்டுக் கூண்டைச் சுற்றி வந்தாள். பலகையில் இருந்த நகக் கீறலைத் தடவிப் பார்த்தாள்.

"எத்தன நேரம் இருந்துச்சு, சாமி?"

"ஒரு களி கிண்டற நேரம் இருக்குமக்கா."

"கை உட்டுப் பாத்துதா?"

"ரெண்டு பக்கமும்."

"கம்பி அசைஞ்சுதா?"

"இல்ல."

"உன்ற மேல கீறலு இல்ல. கெடா மேலயும் இல்ல." கம்பி ஒன்றைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். "நல்ல பட்டியாத்தான் செஞ்சிருக்கறாங்க."

அன்று பொழுது சாயும் நேரம் நாலு ஆடுகளையும் ஓட்டிவந்து கூண்டின் முன் அறையில் அடைத்தாள். கதவை இறக்கினாள். காலையில் கயிற்றை இழுத்துத் தூக்கித் திறந்துவிட்டாள். ஊர் வந்து சத்தம் போட்டது. புலி பிடிக்க வைத்த கூண்டில் ஆட்டை அடைத்தால் புலி எங்கே போகும் என்று கேட்டார்கள். "அது எங்கயோ போவட்டுமுங்க. இத்தன நாளு அது வெளியதான இருந்துச்சு? என்ற ஆடு உள்ள இருந்தாச் செரி" என்றாள்.

பத்து நாள் கழித்துக் கார்டு சாவியோடு வந்தார். கூண்டைப் பார்த்துவிட்டு வெகுநேரம் தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, இது சிறுத்தைக்கு வெச்சதும்மா."

"சிறுத்த உள்ள வந்தா என்னங்க பண்ணுவீங்க?"

"கொண்டுபோய் வேற காட்டுல உடுவோம்."

"அங்க யாரு ஆடு இருக்குதோ" என்றாள் அவள்.

கார்டு நல்ல மனிதர். இரை நல்ல நிலையில் இருக்கிறது, தினமும் தழையும் தண்ணீரும் வைக்கப்படுகிறது என்று ஆபீசுக்கு எழுதிக்கொண்டார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பின் கதவின் பூட்டைத் திறந்து கிடாவையும் வெளியே விட்டார். அது நேராகப் போய்ப் பண்ணையக்காரர் காட்டில் மேய்ந்தது.

அதன் பிறகு சிறுத்தைக்கு ஓடைக்கரையில் வேலையில்லாமல் போயிற்று. ஒரு மாதத்துக்குள் பண்ணையக்காரரின் சீமைக் கன்றை அடித்தது. பாதிதான் தின்றது. மீதியை ஓடையில் இழுத்துப் போட்டுவிட்டு, மறுபடி வந்து தின்னலாம் என்று போயிருந்தது. அன்று டீக்கடையில் ஒரு வேட்டைக் கதைகூடக் கேட்கவில்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்கவேண்டும்.

மூன்றாம் நாள் காலை சிறுத்தை ஓடை மணலில் செத்துக் கிடந்தது. வாயில் நுரை காய்ந்திருந்தது. பாதிக் கன்றுக்குப் பக்கத்தில் ஏழெட்டுக் காக்கைகள், ஒரு கீரி, மேலத்தெருவின் கடைசி நாய். பருத்திக்கு அடிக்கும் பூச்சி மருந்தின் வாசம் கரைமேல் நின்றாலே அடித்தது. துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். அந்த டப்பா எந்த மளிகைக்கடையிலும் கிடைக்கும்.

கார்டு லாரியோடு வந்தார். விசாரித்தார். இத்தனை வருஷமாகக் கொல்லாத புலிகளையெல்லாம் கொன்றதாகச் சொல்லிவந்த ஊர், கொன்ற ஒரே புலியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மூன்றடி தூரத்தில் நேருக்கு நேர் நின்று சுட்டவர், "பாம்பு தீண்டியிருக்குமுங்க" என்றார். டீக்கடைக்காரர், "வயசாயிருச்சுங்க அதுக்கு" என்றார். நான் இதுவரை பார்த்ததிலேயே அவ்வளவு அடக்கமான வேட்டைக்காரர்கள் அன்று அங்கே நின்றவர்கள்தான்.

சிறுத்தையைத் தார்ப்பாயில் சுற்றி லாரியில் ஏற்றினார்கள். மாட்டு டாக்டர் அறுத்துப் பார்க்க வேண்டுமாம். இனிக் கூண்டு இங்கே தேவையில்லை, அதையும் ஏற்ற வேண்டும். ஆனால் கூண்டுக்குள் ஓர் ஆடு குட்டி போட்டுக்கொண்டிருந்தது. முதல் குட்டி விழுந்திருந்தது, இரண்டாவது வரவில்லை. அக்கா உள்ளே மண்டியிட்டிருந்தாள். கார்டும் டிரைவரும் நாலு சுமைக்காரர்களும் வெளியே பீடி பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இரண்டாவது குட்டி விழ ஒரு மணி நேரமாயிற்று. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, லாரி ஓரம் போய்த் தார்ப்பாயின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள்.

"பல்லுகூட முழுசா இல்லீங்களே இதுக்கு" என்றாள்.

நான் லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தேன். நாமக்கல்வரை இடம் தருவதாகக் கார்டு சொல்லியிருந்தார். அந்த ஊரில் நான் இருந்த காலம் எனக்கே அதிகமாகத் தோன்ற ஆரம்பித்திருந்தது. அக்காவுக்கு அதைச் சொன்னபோது, "போ சாமி, கஞ்சி மிச்சம்" என்றாள். கோபமா, வேடிக்கையா என்று தெரியவில்லை.

சுமைக்காரர்கள் ஆடுகளை வெளியே ஓட்டிக் கட்டிவிட்டுக் கூண்டைத் தூக்கப் போனார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, இத இங்கயே உட்டுட்டுப் போனா என்னுங்க?"

"புலிதான் செத்துப்போச்சேம்மா. இனி எதுக்குக் கூண்டு?"

"புலி செத்துப்போச்சுங்க. மருந்து வெச்சவன் சாவலீங்களே."

கார்டு கேட்காததுபோல லாரிக் கயிற்றை இழுத்துக் கட்டினார். பண்ணையக்காரர் கிழக்கே மலையைப் பார்த்தார். கூண்டு ஏறியது. லாரி திரும்பும்போது பார்த்தேன். கட்டிப்போட்டிருந்த ஆட்டில் ஒன்று அறுத்துக்கொண்டு, மருந்து வைத்த கன்று இன்னும் கிடந்த ஓடைத் தண்ணீருக்கு இறங்கியது. அவள் கையிலிருந்த குட்டி இரண்டையும் கீழே போட்டுவிட்டு, "ஏய், ஏய், அங்க போவாத!" என்று கையை விரித்துக்கொண்டு அதன் முன்னால் ஓடினாள்.